ஸ்ரீரங்கத்து லேப்பிலிருந்து ஒரு போன்

பெண் பார்க்கப் போகிற எந்த மாப்பிள்ளையும் வீட்டுக்குள் நுழைந்ததும் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தேடமாட்டான். நான் தேடினேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வீட்டார் ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

அப்போது ஷார்ஜாவில் வேலை. ஒரு மாத லீவில் பாலக்கரை வீட்டுக்கு வந்திருந்தேன். காட்டூரில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார் அம்மா. போட்டோவைப் பார்த்ததுமே நான் விழுந்துவிட்டேன். இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று வீரவசனம் பேசினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நண்பனோடு ஸ்ரீரங்கம் போய், தள்ளுவண்டியில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு மூன்று டம்ளர் குடித்தேன். (பாலைவனத்துலேருந்து வந்தவனுக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும்!)

மறுநாள் ஆரம்பித்தது வயிற்றுக்கடுப்பு. காய்ச்சல், சீதபேதி, எல்லாம் வரிசையாக வந்தன.

"எந்தக் கிருமின்னு தெரிஞ்சாத்தாங்க சரியான மருந்து தர முடியும். மோஷன் டெஸ்ட் கொடுத்துட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்டுலயே இருங்க" என்றார் டாக்டர்.

பாலக்கரையில் லேப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே நான் அந்த டப்பாவோடு நுழைந்தால், வெளியே வருவதற்குள் சேதி காட்டூருக்குப் போய்விடும். அதனால் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு லேப்பில் கொடுத்தேன். (பெரிய புத்திசாலின்னு நெனப்பு.) இதற்கிடையில் என் போன் வாளித் தண்ணீரில் விழுந்தது. பாத்ரூமிலேயே குடியிருந்தால் வேறென்ன ஆகும்? அதன்பின் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கர் மட்டும் நன்றாக வேலை செய்தது.

பெண் பார்க்கும் நாள் வந்தது. "சொல்லி வச்சாச்சுப்பா. ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டு கம்முன்னு உக்காந்துட்டு வந்துடு" என்றார் அம்மா. டாக்டர் சொன்னதை இருவரும் சௌகரியமாக மறந்தோம்.

பெண்ணின் அத்தா (எங்கள் பேச்சில் அப்பா), அவர் தம்பிகள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் ஸலாம் சொல்லி, மரியாதையாக இரண்டு கையாலும் கை கொடுத்தேன். பெண் ரோஸ் மில்க் கொண்டுவந்து வைத்தாள். போட்டோவைவிட அழகாக இருந்தாள். என் வயிறு கடமுடா என்றது. "இன்னும் பத்து நிமிஷம் பொறுத்துக்க" என்று மனசுக்குள் அதன் காலில் விழுந்தேன்.

அப்போது போன் அடித்தது.

"ஆபீஸ் போனா இருக்கும். எடுங்க தம்பி" என்றார் பெண்ணின் அத்தா. நான் துண்டிக்கத்தான் அழுத்தினேன். தண்ணீர் குடித்த போன் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரலில் பேச ஆரம்பித்துவிட்டது.

"சார், ஸ்ரீரங்கம் லேப்லேருந்து பேசறேன். உங்களுக்கு ஷிகெல்லா கன்ஃபார்ம் ஆயிடுச்சு."

பெண்ணின் பெயர் ஷகிலா.

அத்தாவின் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! நாங்க இன்னும் பேசவே ஆரம்பிக்கலையேம்மா!"

"ஷிகெல்லான்னா லேசா நினைக்காதீங்க சார். ரொம்ப மோசம். குடலையே புண்ணாக்கிடும்."

"எங்க புள்ளையவா மோசம்ங்கிறே?" என்று எழுந்துவிட்டார் அவர்.

"ஐயோ, பெரியவரே, அது பேதிக் கிருமிங்க! டாக்டர் தர்ற மாத்திரையில ஓடிடும். ஆனா கைக்குக் கை தொத்திக்கும். அவரை யாருக்கும் கை கொடுக்க வேணாம்னு சொல்லுங்க."

அறையில் இருந்த எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். மருதாணி வைத்த பெண் போல விரல்களை விரித்துப் பிடித்தபடி அத்தா வாஷ்பேசினுக்கு ஓடினார். பின்னாலேயே ஒரு வரிசை நின்றது. அந்த வரிசையை விலக்கிக்கொண்டு நான் பாத்ரூமுக்கு ஓடினேன்.

உள்ளே உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, வயிற்றுவலியால் அல்ல. மூன்று டம்ளர் கரும்புச்சாற்றுக்கு இந்தப் பெண்ணை விற்றுவிட்டோமே என்றுதான். வெளியே அத்தாவின் குரல் கேட்டது: "இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்மா."

கூடவே இன்னொரு குரல் வந்தது. "அத்தா, அந்த ஷிகெல்லாதான் மாத்திரையில ஓடிடும். இந்த ஷகிலா ஓடமாட்டாள்னு அவர்ட்ட சொல்லிடுங்க."

அன்றைக்கு அந்த வீட்டுச் சோப்பில் பாதியைக் கரைத்துவிட்டுத்தான் நான் வெளியே வந்தேன்.

அல்லாஹ் கிருபை, யாருக்கும் தொற்றவில்லை. அந்த லீவு முடிவதற்குள் நிக்காஹ் நடந்தது. இப்போதும் பெருநாள் தொழுகை முடிந்ததும் மாமனார் எல்லோரையும் கட்டித் தழுவிக் கை கொடுப்பார். என் முறை வரும்போது மட்டும் நின்றுவிடுவார். "மாப்ளே, கை?" என்பார். ஜமாஅத்தே வேடிக்கை பார்க்க, நான் இரண்டு கைகளையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டவேண்டும். சோப்பு வாசனை வந்தால்தான் எனக்கு ஈத் முபாரக்.