கவுண்டரில் கடைசி ஆள்

மாதா துணை
சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
12.9.1976

ஈப்போவில் இருக்கும் அன்பு அண்ணன் சூசைநாதன் அவர்களுக்குத் தங்கை பிலோமினம்மாள் எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். நான் அழுகிறேன், சாப்பிடவும் செய்கிறேன், இரண்டும் நடக்கிறது.

என் வீட்டுக்காரர் மார்வலியில் போய் இன்றோடு ஒன்பது நாள். நீங்கள் கீழ்க்கடைக்குப் போன் போட்டு, "அந்தக் காட்டுமுடியோட அவனைப் புதைச்சா நீ என் தங்கச்சியே இல்ல, வெட்டி எனக்கு ஒரு பிடி அனுப்பு, கண்ணால பாக்கணும்" என்றீர்களே, அது நல்லபடியாக முடிந்தது. முடி இந்தக் கவரில் இருக்கிறது.

கோபத்தில் உங்கள் பேச்சைத் தட்டியிருப்பேன் அண்ணே, ஆனால் எனக்கே ஒரு பயம் வந்துவிட்டது. இங்கே நீளமுடி வைத்த ஆம்பளைக்கு சர்க்கார் ஆபீசில் கடைசியாகத்தான் வேலை நடக்கும், நோட்டீசே ஒட்டியிருக்கிறார்கள், நம் மதலேனா பிறந்ததைப் பதியக் காலையில் முதல் ஆளாகப் போனவர் சாயங்காலம்தான் வந்தார், வந்து, "கடைசியில நின்னா பின்னாலேருந்து எவனும் இடிக்க மாட்டான் பிலோமி" என்று சிரிப்பு வேறு. அவர் கித்தார் வாசித்தால் தண்ணிக்குள்ளிருந்து கோயில் மணி அடிப்பது மாதிரி இருக்கும், சுவர் கரைகிற மாதிரி இருக்கும், இப்படி வாசித்ததில் இந்த ஊரிலேயே அவர்தான் முதல் ஆள் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள், அப்படிப்பட்டவரை ஒரு ஹோட்டலில் முடியை வெட்டிவிட்டு வாசிக்க வா என்றதற்கு, "முடி வாசிக்காது, நான்தான் வாசிப்பேன், அது சும்மா கூட வரும் லா" என்று சொல்லிவிட்டு வேலையையும் விட்டுவிட்டு வந்தார். அவர் இறந்ததைப் பதிய நான் போனேனா, பழக்கத்தில் நானும் கடைசியில் போய் நின்றுகொண்டேன், கிளார்க் பெண், "அம்மா, நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க, முன்னால வாங்க" என்று கூப்பிட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது, மேலே மோட்சத்துச் சாவி வைத்திருக்கும் இராயப்பர் கதவிலும் அந்த நோட்டீஸ் இருந்தால் இந்த மனுசன் எப்போது உள்ளே போவார்?

அதனால் அடக்கத்தன்று நாவிதர் அழகப்பனைக் கூப்பிட்டேன். "அக்கா, சவரி அண்ணன் தலைக்காக எட்டு வருசமா கத்தரியைத் தீட்டி வச்சிருக்கேன்" என்று ஓடி வந்தார். அதற்குள் டிரம் அடிக்கும் இப்ராஹீம், "அண்ணனுக்கு ஒரே ஒரு பாட்டு" என்று பெரிய ஸ்பீக்கர் பெட்டியைப் பிளக்கில் சொருக, பிளாக் முழுக்க கரண்ட் போய், ஜெபம் சொல்ல வந்து லிப்டில் ஏறின கோயில் சாமியார் நடுவிலேயே நின்றுவிட்டார், உள்ளேயிருந்து ஜெபமாலை சத்தம் மட்டும் கேட்டது. அவரை இறக்க முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் முடி வேலை முடிந்தது. பக்க வகிடு, பவுடர், பேங்க் கிளார்க் மாதிரி இருந்தார். வேர்வையோடு வந்த சாமியார், "இது யாரம்மா?" என்றார். இனி மேலே முதல் ஆளாக உள்ளே போய்விடுவார், உங்கள் மானமும் போகவில்லை, எனக்கும் நிம்மதி.

அண்ணிக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

தங்கை
பிலோமினம்மாள்

பி.கு: கவரை ஒட்டப் போனேன், திரும்பப் பிரித்துவிட்டேன். சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் வேறு இருக்கிறது, செய்த பாவத்தையெல்லாம் சொல்லியாக வேண்டும். அண்ணே, முடியை வெட்டவில்லை. அழகப்பன் கத்தரியைத் திறந்தார், மூடினார். "அக்கா, இந்த ரோட்டுல எல்லாத் தலையும் என்கிட்ட வந்துச்சு, இது ஒண்ணுதான் வரல. இப்ப தூங்கறப்பப் போய்ப் பிடிக்கச் சொல்றீங்களா?" என்று அழுதுவிட்டார். எண்ணெய் தடவிச் சீவி, தோள் வரைக்கும் விட்டு அப்படியே புதைத்தோம். கவரில் இருப்பது அழகப்பன் கடையில் கூட்டி அள்ளினது, யார் முடியோ, வீட்டில் வைக்காதீர்கள்.

இராயப்பர் அவரைக் கடைசியில் நிறுத்தினால் நிறுத்தட்டும். நான் போய்ச் சேரும்போது இன்னும் வெளியிலேதான் நின்றுகொண்டிருப்பார், உள்ளே போய் அத்தனை கூட்டத்தில் தேட வேண்டாம். அதை நினைத்த பிறகுதான் அண்ணே, எனக்குத் தூக்கம் வந்தது.