மாடி வீட்டுக் காற்று

காலையிலேயே கருவி சிவப்பாகிவிட்டது. டீச்சருக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

"பார்த்தீங்களா? நான் சொன்னப்போ மூக்குல கோளாறுன்னீங்க. இப்ப மெஷினே சொல்லுது!"

கணவர் பல் தேய்த்தபடியே எட்டிப் பார்த்தார். பெயின்ட், வார்னிஷ் போன்றவற்றிலிருந்து கிளம்பிக் காற்றில் கலக்கும் ரசாயன ஆவியைக் கண்டுபிடிக்கிற சின்னக் கருவி அது. கீழ்த்தளத்து மர பாலிஷ் கடையை ஒரு வழி பண்ணுவதற்கென்றே டீச்சர் வாங்கியது.

"இப்பத்தானே பினாயில் ஊத்தித் துடைச்சே?"

"கீழேயிருந்து நாத்தம் வருது, துடைச்சேன். தப்பு நாத்தத்து மேலயா, துடைச்சவ மேலயா?"

கணவர் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். பிழைக்கத் தெரிந்தவர்.

விஷயம் ஒன்றும் விளையாட்டில்லை. மகளுக்குக் கொஞ்ச நாளாகவே தலைவலி. டீச்சரும் கடைக்காரரும் மாடிப்படியில் போட்ட சண்டையைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன கட்டட முதலாளி, "மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து பார்க்கட்டும். யார் காத்தைக் கெடுக்கிறாங்களோ அவங்க காலி பண்ணிடணும்" என்று சொல்லிவிட்டார்.

"சம்மதம்!" என்று முதலில் கத்தியவர் டீச்சர்தான். அன்றே புகாரும் கொடுத்துவிட்டார். இன்று அதிகாரி வருகிறார்.

விஷக் காற்று மேலே ஏறாமலிருக்க எல்லா ஜன்னலையும் சாத்தினார். கருவியில் எண் ஏறியது. அறைக்கு அறை வாசனை ஸ்பிரே அடித்தார், படிக்கட்டையும் விடவில்லை. கருவி முனகத் தொடங்கியது. மேஜை, கண்ணாடி எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்தார். கருவி கத்தியது. மகளின் நெற்றியில் தைலம் தேய்க்கப் போனபோது அலறியே விட்டது.

"நீ அடிக்க அடிக்கத்தாம்மா அது கத்துது" என்றாள் மகள்.

"கத்தட்டும்! இதுக்கெல்லாம் பயந்து வீட்டைக் காலி பண்ற ஆள் நான் இல்ல."

கருவியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். கடையில் படிக்கட்டுப் பக்கத்து ஜன்னல்கள் இறுகச் சாத்தியிருந்தன. வேலையாட்கள் அத்தனை பேரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். டீச்சர் மனதுக்குள் விசில் அடித்தார்.

ஆனால் கருவி பச்சைக்கு மாறியது. தட்டினார், குலுக்கினார். பச்சைதான்.

"நாங்க இப்பல்லாம் தண்ணியில கரைக்கிற வார்னிஷ்தான் அடிக்கிறோம்க்கா" என்றார் கடைக்காரர்.

"அப்ப ஏன் எல்லாரும் மூக்கை மூடியிருக்கீங்க? ஏன் ஜன்னலைச் சாத்தியிருக்கீங்க?"

கடைக்காரர் அவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அதிகாரி வரட்டும்க்கா."

"வரட்டுமே! பெட்டியைக் கட்டி வைங்க!"

மேலே வந்த டீச்சர், வருகிற மனிதருக்கு மரியாதையாக வரவேற்பறையில் இன்னொரு சுற்று ஸ்பிரே அடித்து முடிப்பதற்குள் அழைப்பு மணி ஒலித்தது.

அதிகாரி தன்னுடைய பெரிய கருவியோடு உள்ளே கால் வைத்தார். அது வீடே அதிர அலறியது. அவர் அவசரமாகக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கேட்டீங்களா சார்?" டீச்சருக்கு வெற்றிக் களிப்பில் குரல் உடைந்தது. "என் பொண்ணு இந்தக் காத்தைத்தான் சுவாசிக்கிறா. மேலேயே இப்படின்னா கீழ எப்படியிருக்கும்? வாங்க, இப்பவே போய்ப் பார்ப்போம்!"

"கீழ பார்த்துட்டுத்தான் வர்றேன் மேடம்" என்றார் அதிகாரி இருமிக்கொண்டே. "உங்க புகாருக்கு முன்னாடியே அவங்க கொடுத்த புகார் இருக்கு. முகக்கவசம் போட்டும் மாடி வீட்டுக் காத்தைத் தாங்க முடியலையாம்."