வராத சங்கும் வார்டனின் கைக்குட்டையும்

அரசாங்க விதிமுறைகளை வரி விடாமல் படிக்கிற இளைஞனிடம் எந்த ஊரும் தன் உயிரை ஒப்படைக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த இளைஞன் நான்தான்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு எந்த நிமிஷமும் தலையில் விழும் என்று பட்டணத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டியாகிவிட்டது. சாந்தோமில் வாத்தியாராக இருந்த எனக்கு ஒரு தகரத் தொப்பியும் ‘வார்டன்’ என்ற பட்டமும் கொடுத்து, கடற்கரைக் குப்பத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். (தொப்பி எனக்கு இரண்டு அளவு பெரிது. பட்டமும்தான், அது அப்போது தெரியவில்லை.)

குப்பத்துக்கு ஒரே குறை. ஊருக்குள் அபாயச் சங்கு ஊதினால் மாம்பலத்துக்காரன்கூட எழுந்து ஓடுவான், எங்களுக்குக் கேட்காது. அலை, காற்று, மறுபடி அலை. கடல் தன் பேச்சை நிறுத்தி அடுத்தவர் பேச்சைக் கேட்டதே இல்லை. விமானம் வந்தால் முந்நூறு பேரும் வலையைப் பிரித்தபடியே சாக வேண்டியதுதான். (மாதா கோயில் மணியை அடிக்கலாமே என்பீர்கள். அடித்தால் பதுங்கு குழிக்குப் போக மாட்டார்கள், பூசைக்குப் போய்விடுவார்கள்.)

அப்போதுதான் மானிய விதிகள் என் கையில் சிக்கின. சங்கொலி எட்டாத இடங்களுக்குக் கையால் சுற்றுகிற சங்கு ஒன்றைச் சர்க்காரே வாங்கித் தரும். ஊர்ச் சங்கை ஊதவிட்டு, அது கேட்கவில்லை என்று அதிகாரி நேரில் பார்த்து, குடியிருப்பவர்களையும் விசாரித்து எழுத வேண்டும். அவ்வளவுதான். படித்த அன்றே மனு போட்டேன்.

இதற்கிடையில் ஒத்திகை நிற்கவில்லை. கவிழ்த்த படகின்மேல் ஏறி நின்று வெள்ளைக் கைக்குட்டையை எடுப்பேன். எல்லோரும் குழிக்கு ஓட வேண்டும். மணலில் வெட்டிய குழி, வெட்டும்போதே பாதி தூர்ந்துபோகும். முதல் நாள் அரை மணி ஆயிற்று. கூடையில் மீன் விற்கும் ரோசம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. குப்பத்தில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஒரே வாரத்தில், நான் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் கடற்கரை காலி.

அதிகாரி வருகிற அன்று காலையில் எல்லோரையும் கூட்டினேன். “இன்னிக்கு ஊருக்குள்ள சங்கு ஊதுவாங்க. நமக்குக் கேக்காது. யாரும் அசையக் கூடாது.”

“கேக்காத சங்குக்கு ஓடாம இருக்கறதுக்கு ஒரு பாடமா வாத்யாரே?” என்றாள் ரோசம்மா. “கல்லாட்டம் குந்திகினு இருப்போம், நீ போ.”

பதினோரு மணி. அதிகாரி பூட்ஸ் நிறைய மணலோடு, நான் ஏறியிருந்த கவிழ்த்த படகருகே நின்று கடிகாரத்தைப் பார்த்தார். காதைச் சாய்த்தார். அலை பேசியது. வேறொன்றும் கேட்கவில்லை. கல் என்றால் கல், ஒருவரும் அசையவில்லை. சங்கு கிடைத்துவிட்டது! பூரிப்பில், வெயிலில், தகரத் தொப்பிக்குள் வெந்த தலையிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது.

கைக்குட்டையை எடுத்தேன்.

முந்நூறு பேர் ஒரே அலையாக எழுந்தார்கள். அகப்பைகள் பறந்தன, பானைகள் உருண்டன, வலைகள் அந்தரத்தில் நின்று மெல்ல விழுந்தன. மறு கணம் வெளியே நானும் அதிகாரியும் மட்டும். (நாயும் குழிக்குள்ளேதான்.)

“பிரமாதம்!” என்றார் அதிகாரி. “எனக்கே கேக்கலை. இவங்களுக்கு எப்படிக் கேட்டுது?”

“கேக்கலை சார். நான் முகம் துடைச்சேன்...”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குழியோரம் போய்க் குனிந்தார். “ஏம்மா, சங்கு கேட்டுதா?”

தலையெல்லாம் மணலாக ரோசம்மா நிமிர்ந்தாள். அதிகாரியின் சுளித்த புருவத்தைப் பார்த்தாள், வெளிறிய என்னைப் பார்த்தாள். வாத்தியாருக்கு ஆபத்து என்று முடிவு கட்டிவிட்டாள். ‘இல்லையென்று சொல்’ என்று நான் தலையைப் பலமாக ஆட்டினேன். தலை ஆடியது; தொப்பி ஆடவில்லை.

“கேட்டுச்சி தொரே! காதாண்ட வந்து ஊதினாப்பல கேட்டுச்சி. எங்க வாத்யாரு அப்பிடிப் பயக்கி வச்சிக்கிறாரு.”

“எனக்கும் கேட்டுச்சி!” இது அடுத்த குழி.

“எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு காது கேக்காது தொரே. அவருக்கே கேட்டுச்சி!”

பத்து நாளில் பதில் வந்தது. குப்பத்தார் அனைவருக்கும் சங்கொலி தெளிவாகக் கேட்கிறது, மானியம் தேவையில்லை. வார்டன் மட்டும் கேட்கவில்லை என்கிறார். அவருடைய செவியை டாக்டரிடம் காட்டிச் சான்று அனுப்பவும்.

கடிதத்தோடு ரோசம்மாவிடம் போனேன். “ஏன் பொய் சொன்னே?”

“ஒன்ன வுட்டுக் குடுக்கச் சொல்றியா?” என்றாள். “சங்கு போனா போவுது வாத்யாரே. நாங்க கூடைய தூக்கிகினு ராயப்பேட்ட வரிக்கும் போறோமில்ல? அங்க கேக்குதே. ஒர்த்தி கத்தினா அடுத்த தெருல கீறவளுக்குக் கேக்காதா?”

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், ஒத்திகையல்லாமல் நிஜமாகவே ஊருக்குள் சங்கு ஊதியது. ராயப்பேட்டையில் ஒரு குரல் எழுந்தது. மயிலாப்பூரில் இன்னொரு குரல் அதை வாங்கிக்கொண்டது. தெருத்தெருவாகக் கைமாறி, மீன் விற்ற அதே சுதியில், அலையைப் பிளந்துகொண்டு எங்கள் மணலில் வந்து இறங்கியது. நான் கைக்குட்டையைத் தேடி எடுப்பதற்குள் கரையில் ஒருவரும் இல்லை. விமானம் வரவில்லை. வந்திருந்தால் வெறும் மணலைத்தான் பார்த்திருக்கும். அந்தத் தொண்டைகளுக்கு எந்த விதியிலும் மானியம் கிடையாது; அவர்களுக்கு வார்டனாக இருந்தேன் என்பதைவிடப் பெரிய பட்டம் எனக்கும் இன்றுவரை கிடைத்ததில்லை.

இருபது வருஷம் ஆகிவிட்டது. ரோசம்மா இன்னமும் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறாள். சாப்பிடக் கூப்பிட்டு நான் ஏதோ யோசனையில் வராமல் இருந்துவிட்டால், “அப்பாவுக்கு அன்னிக்கே கேக்கலையே!” என்று என் மகள் ஆரம்பிப்பாள்.

முற்றத்தில் வஞ்சிரத்துக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருக்கும் ரோசம்மா தலையை நிமிர்த்துவதே இல்லை. “எனக்குக் கேட்டுச்சி கண்ணு. அம்மாம் பேருக்கும் கேட்டுச்சி. ஒங்கப்பனுக்குத்தான் கேக்கல.”