புயல் எடுக்காத நாற்பது சொற்கள்

அரசாங்கச் சாமான் ஒன்று இந்த உலகத்தை விட்டுப் போக வேண்டுமானால் அதற்கு மூன்று பிரதியில் அனுமதி எடுக்க வேண்டும். மனிதருக்கு அந்தக் கரைச்சல் இல்லை. போன பிறகு யாராவது ஒரு மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டால் சரி. முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் படிப்பித்த மீராமுகைதீன் மாஸ்டருக்கு இந்த வித்தியாசம், ஓய்வு பெற மூன்று கிழமை இருக்கும்போதுதான் விளங்கியது.

கல்முனைப் பக்கத்துக் கடற்கரைப் பாடசாலை ஒன்றில் அவர் ஆசிரியர். அந்த வருஷம், அதாவது எண்பத்திரண்டில், ஹஜ்ஜுக்குப் போக அவருக்கும் மனைவி சபியா உம்மாவுக்கும் இடம் கிடைத்திருந்தது. பாஸ்போட் வந்துவிட்டது. இஹ்ராம் துணியை வாங்கி மடித்து வைத்தாயிற்று. கல்விக் கந்தோர் தரவேண்டிய ஒரு கடிதம்தான் பாக்கி: 'இன்னாரிடம் அரசாங்கப் பொருள் எதுவும் நிலுவையில் இல்லை.' மாத முடிவுக்குள் அது கிடைக்காவிட்டால் பயணமும் இல்லை.

கந்தோரில் பிரதம இலிகிதர் அபுல் ஹஸன் பொருட்பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஐந்து வக்தும் தொழுபவர், யாரையும் சத்தம் போட்டுப் பேசாதவர். பதிவேட்டில் இருப்பது உலகத்திலும் இருக்க வேண்டும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

"எல்லாம் சரி மாஸ்டர். நாப்பது சாமான்தான் குறையுது."

"என்ன சாமான் தம்பி?"

அபுல் ஹஸன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்: "'ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்க்கு அத்தியாவசியமான கலைச்சொற்கள். எண்ணிக்கை நாற்பது. நிலைமை நன்று. எழுபத்தேழாம் ஆண்டு பாரமெடுத்தவர் மீராமுகைதீன்.' ஒப்பம் ஒங்கடதானே?"

ஒப்பம் அவருடையதுதான். கொழும்பிலிருந்து வந்த தடித்த மட்டைகள் அவை. மட்டைக்கு ஒரு சொல்லும் அதன் விளக்கமும்: சிமிலி, மெற்றபர், ஐரனி, ஹைபர்போலி என்று நாற்பது. மாஸ்டர் அவற்றை வகுப்பறையைச் சுற்றித் தொங்கவிட்டார். அடுத்த வருஷம் நவம்பரில் வந்த புயல் கூரையைக் கழற்றிக்கொண்டு போனபோது அவற்றையும் கொண்டு போனது.

"அது சூறாவளில போயிற்று தம்பி."

அபுல் ஹஸன் இன்னொரு கோப்பை எடுத்தார். "இந்தா இரிக்கி புயல் அறிக்கை. தகரம் அறுபத்திரண்டு, புள்ளையள் இரிக்கிற வாங்கு பதினொண்டு, மணி ஒண்டு, அதிபர்ர குடை ஒண்டு. நாப்பது சொல் இதுல இல்லையே."

"அந்த நேரம் உசிர் தப்பினதே பெரிசு. எழுத மறந்திரிப்பம்."

"அப்பிடிச் சொல்ல ஏலா மாஸ்டர். புயல் எடுத்ததெல்லாம் பட்டியல்ல இரிக்கி. பட்டியல்ல இல்லாதத புயல் எடுக்கல்ல."

மாஸ்டர் படித்த மனிதர். அதனால் நியாயம் பேசலாம் என்று நினைத்தார். "மட்டைதான் தம்பி போனது. சொல்லு போகல்ல. கூரையில்லாத வகுப்புல வெச்சு நாப்பதையும் வாயாலேயே படிப்பிச்சன். பெரியநீலாவணையில தப்பின மீன்ட நீளத்த மீனவர் கையக் காட்டிச் சொல்லுற மாதிரித்தான் ஹைபர்போலி எண்டு சொன்னன். அந்த வருஷம் ஏழு பேர் சோதினை எழுதி ஆறு பேர் பாஸ். சாமான் புள்ளையள்ட இரிக்கி."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அபுல் ஹஸன் பேனையை எடுத்துவிட்டார்.

"அப்ப, அரசாங்கச் சாமான வெளியாளுக்குக் குடுத்திரிக்கீங்க. எந்தச் சுற்றுநிருபத்தின்ட படி?"

"படிப்பிக்கிறதுக்குத்தானே தந்த?"

"பாரம் தந்த. அவங்கள்ட்ட இரிந்து திருப்பி எடுக்க ஏலாதா?"

"படிச்சத எப்பிடித் தம்பி திருப்பி எடுக்கிற?"

"அத படிப்பிக்க முதல் யோசிச்சிரிக்கணும்."

"சரி, நானே புதுசா நாப்பது மட்டை செஞ்சு தாறன்."

"அது புதுச் சாமான். அதுக்கு வேற பக்கம் திறக்கணும். பழைய நாப்பதும் நிலுவைதான்." பிறகு அபுல் ஹஸன் குரலைத் தாழ்த்தி, உண்மையான கவலையோடு சொன்னார்: "கந்தோர் கதைய விடுங்க மாஸ்டர். ஹஜ்ஜுக்குப் போற மனிசன். நம்பித் தந்த அமானிதத்தைத் திருப்பிக் குடுக்காமப் போகலாமா?"

அந்தச் சொல் மாஸ்டரைச் சுட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைக்கு மாப்புக் கேட்பது ஊர் வழக்கம். மாஸ்டரும் போனார். கதை அவருக்கு முன்னாலேயே போயிருந்தது. "அதெல்லாம் மாப்பு மாஸ்டர். அந்த நாப்பதையும் ஒருக்காத் தேடிப் பாருங்களன்" என்றார்கள் போன வீட்டிலெல்லாம்.

வெளிநாட்டுச் சாமான் காய்ச்சல் ஊரைப் பிடித்திருந்த காலம் அது. இங்கிலீஷ் பெயருள்ள சாமான் நாற்பது காணாமல் போனதென்றால் லேசுப்பட்ட சாமானாக இருக்க முடியாது என்று தேத்தண்ணிக் கடையில் முடிவு செய்துவிட்டார்கள். சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த மீராசா, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே ஆறுதல் சொன்னார்.

"ஹைபர்போலிதானே மாஸ்டர்? ஜித்தாவுல கண்ட. ஜப்பான் செட். பேரை எழுதித் தாங்க, அடுத்த பயணம் ரெண்டு கொண்டாறன்."

"அது கண்ணால காணுற சாமான் இல்ல மீராசா."

"அப்ப பட்டரில வேலை செய்யிறதாக்கும்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு நாள் என்றால் இதை அப்படியே கொண்டுபோய் வகுப்பில் சொல்லி, இதுதான் ஐரனி என்று படிப்பித்திருப்பார். இப்போது அவருக்கு நாட்காட்டிதான் கண்ணில் தெரிந்தது.

கடைசியில் வழி சொன்னவர் சபியா உம்மா. அவருடைய வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. அதற்குள்ளே தம்பிக்காரன் குவைத்திலிருந்து அனுப்பிய ஆறு தேத்தண்ணிக் கோப்பைகள் பூட்டியிருந்தன. நல்ல விருந்தாளி வரும்போது எடுக்க என்று வைத்தது. நான்கு வருஷமாக அந்த அளவுக்கு நல்ல விருந்தாளி யாரும் வரவில்லை. மாஸ்டர் விளிம்பு பெயர்ந்த இனாமல் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்தார்.

"புதுசு எண்டு சொன்னாத்தானே கரைச்சல்" என்றார் சபியா உம்மா. "நாப்பதையும் செஞ்சு, ஒண்டும் சொல்லாம வைங்க."

"அது பொய் இல்லையா? அமானிதத்தைத் திருப்பிக் குடுக்கிறதுக்குப் பொய்யா?"

"கேட்டாத்தான் பொய். கேக்க மாட்டாங்க."

பாண்டிருப்பில் பெயர்ப்பலகை எழுதும் இராசதுரை, நாற்பது மட்டைகளையும் நான்கு நாளில் எழுதித் தந்தார். பதிவேட்டில் கண்ட அதே நீளம், அதே அகலம். நாற்பதும் இருக்கிறது என்று கேட்டுக் கந்தோர் அனுப்பிய கணக்கெடுப்புக் குழுவின் மூன்று பேரும் பாடசாலைக்கு ஜீப்பில் வந்து இறங்கியபோது கடைசிப் பத்து மட்டைகளின் மை காய்ந்திருக்கவில்லை.

குழு நாடாவைப் பிடித்து அளந்தது. எண்ணியது. இன்னொரு தரம் எண்ணியது. எந்த மட்டையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் வாசிக்கவில்லை. பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. மாஸ்டர் வேர்த்துப் போய் நின்றார். எங்கே வாங்கினீர்கள், எப்போது எழுதினீர்கள் என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவதென்று நிய்யத்து வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. குழுத் தலைவரின் விரலில் மை ஒட்டியது. அவர் அதைக் கவனமாகப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துவிட்டு எழுதினார்:

'நாற்பது சொற்களும் உள. ஐந்து வருடப் பாவனையின் பின்னரும் எச்சொல்லிலும் தேய்வு, கறை, கைபட்ட அடையாளம் காணப்படவில்லை. சில சொற்களில் சற்று ஈரப்பதம் உண்டு. உலர்ந்த இடத்தில் வைக்குக. இவ்வாசிரியரின் பொறுப்புணர்வு ஏனையோர்க்கு முன்மாதிரியாகும்.'

அபுல் ஹஸன் கடிதத்தைத் தன் கையாலேயே கொண்டு வந்து கொடுத்து, மாஸ்டரைக் கட்டிப்பிடித்து, தனக்காகவும் துஆக் கேட்கச் சொன்னார். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை.

மாஸ்டரின் இடத்துக்கு வந்தவர் நஸீறா டீச்சர். கூரையில்லாத வகுப்பில் படித்துப் பாஸ் பண்ணிய ஆறு பேரில் ஒருவர். பாடசாலை அலுமாரியைத் திறந்து மட்டைகளைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சேர், நாளைக்கே வகுப்புல தூக்கிறன். இந்த முறை இருபது புள்ளையள் இலக்கியம் எடுக்க நிக்காங்க."

மாஸ்டர் யன்னலைப் பார்த்தார். கடல்காற்று வந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் எண்ணெய்க் கை நினைவுக்கு வந்தது. ஆணி, நூல், பதிவேடு, அபுல் ஹஸனின் பேனை எல்லாம் நினைவுக்கு வந்தன.

"தூக்காத மகள்."

"ஏன் சேர்?"

"பூட்டி வை. வாயாலயும் சொல்லாத, கேட்ட புள்ளையள் கொண்டு போயிருவாங்க. நீயும் ஒருநாள் ஹஜ்ஜுக்குப் போகணும்."

நஸீறா மட்டைகளைத் திரும்ப அலுமாரிக்குள் அடுக்கினார். பிறகு பதிவேட்டில் ஒப்பம் வைத்து, சாவியை வாங்கிக்கொண்டார்.

மாஸ்டர் ஹாஜியாராகி நல்லபடியாகத் திரும்பி வந்தார். பார்க்க வந்த கூட்டத்தில் நஸீறாவும் இருந்தார். எல்லோருக்கும் பழைய கிளாஸ்களில் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஸம்ஸம் தண்ணீர் கொடுத்தார்கள்.

"நாப்பதும்?" என்றார் ஹாஜியார், சலாம் முடிந்த கையோடு.

"இரிக்கி சேர். அலுமாரி திறக்கவே இல்ல. பொருள் பேணினதுக்கு நம்மட பள்ளிக்கூடத்துக்கு முதலிடம். ஒங்களுக்கும் ஒரு சான்றிதழ் தந்தாங்க."

"புள்ளையள்?"

"இலக்கியம் ஒருத்தரும் எடுக்கல்ல சேர்."

ஹாஜியார் நீண்ட மூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

சபியா உம்மா சான்றிதழை வாங்கி, கண்ணாடி அலுமாரியைத் திறந்து, ஆறு கோப்பைகளுக்கும் பின்னால் சாய்த்து வைத்துப் பூட்டினார். வந்திருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்து, நல்ல வடிவாக இருக்கிறது என்றார்கள்.