ஹெல்ம்பிரெக்டின் நடுக்கம்

"நடுங்குது" என்று சொல்லி, இயேசுதாசன் இசைத்தட்டைக் கடை மேசைமேல் வைத்தார். "வயலின் நடுங்குது, புல்லாங்குழல் நடுங்குது. மொத்தக் கோஷ்டிக்கும் மலேரியா வந்த மாதிரி இருக்கு. என்னப்பா இது?"

ஆம்ப்ரோஸ் தட்டை உறையிலிருந்து உருவி, கண்ணுக்கு நேரே படுக்கையாகப் பிடித்துப் பார்த்தான். ஒரு பக்கம் லேசாக எழும்பியிருந்தது, மறுபக்கம் தாழ்ந்திருந்தது.

மூன்று நாளைக்கு முன்னால், மொட்டை வெயிலில் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் அந்தத் தட்டை அவர் வீட்டில் கொடுத்தவன் அவன்தான். நேராகப் போயிருந்தால் பரவாயில்லை. வழியில் நிறுத்தி ஒரு கிளாஸ் தே தாரேக் குடித்தான். சூடாக இருந்ததால் ஆற்றி ஆற்றிக் குடித்தான். அவனுடைய தேநீர் நிழலில் ஆறிக்கொண்டிருந்தபோது ஹெல்ம்பிரெக்ட் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்.

ஹெல்ம்பிரெக்ட் என்பவர் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஜெர்மன்காரர். நிறைய இசை எழுதினார். உலகம் அவரை மறந்தது. அவருடைய ஊர்க்காரர்கள் அதற்கும் முன்பே மறந்துவிட்டார்கள். இப்போது, இந்த 1962ஆம் ஆண்டில், யாரோ சிலர் அவர் காலத்து வாத்தியங்களையே தேடிப்பிடித்து, ஆட்டு நரம்பில் தந்தி கட்டி, அவருடைய இசையை நான்கு தொகுதிகளாகப் பதிவு செய்திருந்தார்கள். லண்டன் கம்பெனியின் ஆள் பேசிய பேச்சில் மயங்கி, சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு ரேடியோக் கடைக்காரர் காதர் மைதீன், தொகுதிக்குப் பத்தாக நாற்பது தட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அதுவரை சினிமாப் பாட்டு மட்டுமே விற்ற கடை அது.

பெட்டி வந்து இறங்கிய அன்றே அவர் ஆம்ப்ரோஸிடம் சொல்லியிருந்தார். "நாப்பது தட்டு. இதுல ஒண்ணு உன் கையால கெட்டுச்சுன்னாலும் நீ வீட்டுக்குப் போயிடலாம்லா. நான் கோபப்பட மாட்டேன். சிரிச்சுக்கிட்டே அனுப்புவேன்."

அந்தச் சிரிப்பு இப்போது கடையின் பின்பக்கமிருந்து கேட்டது. முதலாளி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றான் ஆம்ப்ரோஸ், குரலைத் தாழ்த்தி. "இது கோளாறு இல்லை."

"பின்னே?"

"ஆட்டு நரம்பு. இப்ப உள்ள கம்பி மாதிரி விறைப்பா நிக்காது. அந்தக் காலத்துல எல்லா இசையும் இப்படித்தான் நடுங்குமாம். அதைக் கேக்கிறதுக்குன்னே இதை வாங்குறாங்க."

இயேசுதாசன் துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் பாடற்குழுவின் தலைவர். ஞாயிறுதோறும் மாலையில் நண்பர்களைக் கூட்டி மேல்நாட்டுச் சங்கீதம் கேட்பவர். தனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதை முப்பது வருட உத்தியோகத்தில் அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

தட்டை மறுபடி உறையில் போட்டுக்கொண்டார். போகும்போது திரும்பி, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. இந்த நடுக்கத்தைப் பத்தி நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லு. நானே சொல்லலாம். தொண்டை சரியில்லை" என்றார்.

வேலை பிழைத்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. இயேசுதாசனின் வீட்டில் பிரிஜட் இருந்தாள்.

அவருடைய ஒரே மகள், தொடக்கப்பள்ளி ஆசிரியை. அன்று பார்சலை வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, வியர்வையில் நின்ற ஆம்ப்ரோஸுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தவள் அவள்தான். அதிலிருந்து அவனுக்கு அடிக்கடி தாகம் எடுத்தது. ஆனால் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்ப்பவன் தலைமைக் குமாஸ்தாவின் மகளைக் கேட்பதே பெரிய துணிச்சல். அந்த வேலையும் போனவன் கேட்டால் அதற்குப் பெயர் பைத்தியம்.

ஆகவே, வேலை முக்கியம். தட்டுகள் முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை கடைப் பிரதியின் உறைக்குப் பின்னால் அச்சிட்டிருந்த குறிப்பைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனான். வளைந்த தட்டு ரேடியோகிராமில் ஏறி இறங்கிச் சுற்ற, ஹெல்ம்பிரெக்ட் ஏறி இறங்கி அழுதார். சுங்க இலாகாவில் பெரிய வேலையில் இருந்த வேலாயுதம் கண்களை மூடிக்கொண்டார்.

"ஆகா" என்றார். "இதைக் கேட்ட பிறகு மத்த ரெக்கார்டெல்லாம் தகரம். அந்த நடுக்கத்துல ஒரு பக்தி இருக்கு பாருங்க!"

பல் டாக்டர் சுப்பிரமணியம் தலையை ஆட்டினார். "எனக்கு அது பசி மாதிரி தெரியுது. அந்தக் காலத்துல வாத்தியக்காரனுக்கு யாரு சோறு போட்டா?"

பிரிஜட் ரோஸ் சர்பத் கொண்டுவந்து வைத்தாள். ஆம்ப்ரோஸின் பக்கத்தில் வந்ததும் மெல்ல, "அடுத்த தொகுதியும் நடுங்குமா?" என்று கேட்டாள்.

"நடுங்காதுங்க" என்றான் ஆம்ப்ரோஸ் உறுதியாக. "நான் பொறுப்பு."

அவள் முகம் ஏனோ வாடியது.

இரண்டாம் தொகுதியை அவன் குடை பிடித்துக்கொண்டு கொண்டுபோனான். தே தாரேக் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை, இயேசுதாசன் பாடற்குழுப் பயிற்சிக்குப் போயிருந்தார். பிரிஜட் வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை இயேசுதாசன் கடைக்குத் தொலைபேசி செய்தார்.

"தம்பி, இது முன்னதைவிட மூணு மடங்கு நடுங்குதே! என்ன காரணம்?"

ஆம்ப்ரோஸ் தொலைபேசியை வாயோடு ஒட்டிக்கொண்டு, முதலாளி இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். "சார்... அது... அவருடைய வயசான காலத்துல எழுதினது. கை நடுக்கம்."

"அதைத்தான் நானும் நினைச்சேன். ஞாயித்துக்கிழமை வந்து சொல்லு."

மூன்றாம் தொகுதியை ஈரச் சாக்கில் சுற்றி, கூண்டு போட்ட டிரைஷா சைக்கிள் வண்டியில் மடிமேல் வைத்துக் கொண்டுபோனான். அதைப் போட்டபோது முள் நடனமாடி, நாலு வரிசை தாண்டிக் குதித்தது. அது கிராமிய நடனப் பகுதி என்றும், அந்த ஊர்க்காரர்கள் குதித்துக் குதித்துத்தான் ஆடுவார்கள் என்றும் ஆம்ப்ரோஸ் சொன்னான். டாக்டர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இதற்குள் சங்கீத நண்பர்கள் எல்லாரும் கடைக்கு வந்து ஆளுக்கு ஒன்றிரண்டு ஹெல்ம்பிரெக்ட் வாங்கிப் போயிருந்தார்கள். காதர் மைதீன் ஆம்ப்ரோஸின் தோளில் தட்டி, "உன்னை என்னமோன்னு நினைச்சேன்ப்பா" என்றார். அந்த மகிழ்ச்சி மூன்று நாள் நீடித்தது.

நான்காம் நாள் வேலாயுதம் தட்டோடு வந்து நின்றார். முகம் சுங்கச் சோதனை முகம்.

"இது டூப்ளிகேட்."

"சார்?"

"நடுங்கவே இல்லை. தாசன் வீட்டுல எப்படி நடுங்குது! இது வழவழன்னு போகுது. எந்த ஆட்டு நரம்பு? இது கம்பி. நான் இருபது வருஷம் கள்ளச் சரக்கு பிடிச்சவன், என்கிட்டயேவா?"

பின்னால் டாக்டரும் இரண்டு தட்டுகளோடு படியேறிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து காதர் மைதீன், "என்னாப்பா சத்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்லை முதலாளி!" என்ற ஆம்ப்ரோஸ், மூன்று தட்டுகளையும் வாங்கி மேசைக்கடியில் வைத்தான். "பெட்டி மாறிப்போச்சு சார். ரெண்டு நாள் டைம் குடுங்க. அசல் தர்றேன்."

அசலை எங்கே போய்த் தேடுவான்? வெயிலைத்தான் தேடினான். அவன் குடியிருந்த மாடி வீட்டின் மொட்டைமாடியில், வீட்டுக்கார ரத்தினம்மா ஒரு பழைய வேட்டியில் வெங்காய வடகம் காயவைத்திருந்தாள். ஆம்ப்ரோஸ் அந்த வேட்டியின் ஓரத்தில் மூன்று தட்டுகளையும் பரப்பினான்.

ரத்தினம்மா குனிந்து பார்த்தாள். "என்னா தம்பி இது, கறுப்பு அப்பளம்?"

"ரெக்கார்டுக்கா. லேசா வளையணும்."

"திருப்பிப் போடணுமா?"

"நீங்க தொடாதீங்க, நானே பார்த்துக்கிறேன்."

அவன் வேலைக்குப் போன பிறகு, ரத்தினம்மா மனசு கேளாமல் ஒவ்வொரு மணி நேரமும் திருப்பிப் போட்டாள். வடகத்தைத் திருப்பிய அதே கையால். மாலையில் ஒன்று சரியாக வளைந்திருந்தது. ஒன்று சோறு வைக்கலாம்போல் குழிந்திருந்தது. மூன்றாவதில் ஒரு வெங்காயத் துணுக்கு உப்போடும் மிளகாயோடும் ஒட்டிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டியும் வரவில்லை.

துணுக்கு ஒட்டிய தட்டு வேலாயுதத்துக்குப் போனது. மறுநாள் அவர் வந்தார். ஆம்ப்ரோஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த 'டக், டக்' சத்தம் என்ன?"

"பழைய கால பியானோ சார். உள்ளே மரக்கட்டை அடிக்கிற சத்தம்."

வேலாயுதத்தின் கண்கள் பனித்தன. "மரத்தோட வாசமே வருதுப்பா" என்றார். அவருக்கு வந்தது வெங்காய வாசம் என்பதை ஆம்ப்ரோஸ் சொல்லவில்லை.

மறுவாரம் வந்தவர்கள் எல்லாரும் "டக், டக்" வைத்த பிரதிதான் வேண்டும் என்றார்கள். ரத்தினம்மாவுக்கு வெங்காயம் நறுக்கி மாளவில்லை.

அப்போதுதான் காதர் மைதீன் கையில் தந்தியோடு வந்தார். "லண்டன் கம்பெனி ஹார்ட்லி துரை வர்றாராம். இந்த ஊர்ல மட்டும் ஹெல்ம்பிரெக்ட் எப்படி விக்குதுன்னு அவருக்கே ஆச்சரியம். தாசன் சார் வீட்டுல ஞாயித்துக்கிழமை விருந்து. நானும் வர்றேன், நீயும் வர்றே. நாலாவது தொகுதியை இன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்துடு."

ஆம்ப்ரோஸ் அந்த நான்காம் தொகுதியைக் குழந்தையைப்போல் கொண்டுபோனான். வாசலில் பிரிஜட் நின்றாள்.

"இது மட்டும் நடுங்கக் கூடாதுங்க" என்றான், கெஞ்சாத குறையாக. "நடுங்கினா என் வேலை போயிடும். வேலை போனா நான்..."

"நீங்க?"

"இந்தப் பக்கம் வர முடியாது."

பிரிஜட் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். பார்சலை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிறு மாலை வீடு நிறைந்திருந்தது. ஹார்ட்லி துரை நடு நாற்காலியில் உட்கார்ந்தார். இயேசுதாசன் நான்காம் தொகுதியைப் போட்டார். ஹெல்ம்பிரெக்ட் கண்ணாடிபோல், ஒரு சிறு அலைகூட இல்லாமல், நேராக ஓடினார். ஆம்ப்ரோஸ் மூச்சுவிட்டான்.

"சே!" என்றார் வேலாயுதம். "இது டூப்ளிகேட்! தாசன், துரை முன்னாடி மானம் போகுது. அந்த முதல் ரெக்கார்டைப் போடுங்க!"

ஆம்ப்ரோஸ் எழுந்து தடுப்பதற்குள் முதல் தொகுதி சுழன்றது. ஹெல்ம்பிரெக்ட் குலுங்கினார். துரை புருவத்தை உயர்த்தி எழுந்து வந்து, தட்டைப் பார்த்தார்.

"இது வளைந்திருக்கிறதே" என்றார் ஆங்கிலத்தில்.

"இல்லை, ஐயா" என்றார் டாக்டர், குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே. "அது அந்தக் காலத்து முறை."

"இதைப் பதிவு செய்தபோது நான் அந்த அறையிலேயே இருந்தேன். யாரும் நடுங்கவில்லை."

"உங்க காதுக்கு இன்னும் பழகலை" என்றார் வேலாயுதம் பரிவோடு. "ரெண்டு மாசம் கேளுங்க, பிடிபடும்."

காதர் மைதீனின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பெட்டி வந்து இறங்கிய அன்றே சொல்லி வைத்திருந்த அதே சிரிப்பு. "ஆம்ப்ரோஸ்" என்றார்.

ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றான். இனிச் சொல்லப் பொய் மிச்சமில்லை.

"நான்தான் சார். முதல் தட்டை வெயில்ல வச்சுட்டு டீ குடிச்சேன். வேலை போயிடும்னு பயந்து ஆட்டு நரம்புன்னு சொன்னேன். ரெண்டாவதும் மூணாவதும் எப்படி வளைஞ்சுதுன்னு சத்தியமா எனக்கே தெரியலை, ஆனா என் கையாலதான் வந்துச்சு. உங்களுதையெல்லாம் மொட்டைமாடியில நான்தான் காயவச்சேன். 'டக், டக்' வெங்காய வடகம்."

வேலாயுதம் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நாளையிலேருந்து கடைக்கு வர வேண்டாம்ப்பா" என்றார் காதர் மைதீன், சிரித்துக்கொண்டே.

"என் வீட்டுக்கும்தான்" என்று கர்ஜித்தார் இயேசுதாசன். "ரெண்டு மாசமா என் வீட்டுலயே உக்கார்ந்து என்னை ஏமாத்தியிருக்கான்! இனிமே இந்த வாசப்படி மிதிச்சேன்னா பாரு!"

ஆம்ப்ரோஸ் தலைகுனிந்து வாசலை நோக்கி நடந்தான். கதவோரம் நின்ற பிரிஜட் அப்பாவை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு, சனிக்கிழமைதோறும் அந்த வீட்டில் துணி தேய்த்துக் கொடுக்கும், இன்று விருந்து வேலைக்கு வந்திருந்த தங்கம் முந்தானையை உதறிச் செருகியபடி கூடத்துக்குள் வந்தாள்.

"அந்தத் தம்பியை ஏன் ஐயா விரட்டுறீங்க? அது திரும்ப வரணும்னுதானே நம்ம சின்னம்மா, சனிக்கிழமை சனிக்கிழமை என் இஸ்திரிப் பெட்டியை வாங்கி, ஈரத்துணி போட்டு அந்தக் கறுப்புத் தட்டைத் தேய்ச்சுது!"