கையைத் தூக்கினால் மேளம் நிற்கும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு கால்களும் சௌக்கியம். அங்கே நீயும், மாவுக்கட்டுக்குள் இருக்கும் உன் காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "ஐயையோ" என்று தலையில் அடித்துக்கொள்வாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

முதலில் நல்ல செய்தி. உன் ஞாயிற்றுக்கிழமைக் குடும்ப நடனம் பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள். மண்டபப் பொறுப்பாளர் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கி உடற்பயிற்சி வகுப்புக்குக் கொடுக்கப் பார்க்கிறார், இந்த வாரம் நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கண்ணைக் கசக்கினாய் அல்லவா? வந்தார். கதவோரம் நின்று பார்த்தார். கடைசியில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். நல்ல கலை யாரையும் உருக்கிவிடும்.

நீ சொன்னபடியே முதலில் எல்லோரையும் எனக்கு எதிரே வரிசையாக நிறுத்தி, அடி வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். நாற்சந்தியில் நின்று லாரிகளைக் கட்டி மேய்த்த போக்குவரத்துப் போலீஸ்காரனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? "வலது பக்கம்" என்று சொல்லி என் வலது கையை நீட்டினேன். அப்பா அம்மாக்கள் காதை நம்பினார்கள், பிள்ளைகள் கண்ணை நம்பினார்கள். பெரியவர்கள் ஒரு பக்கமும் சின்னவர்கள் எதிர்ப்பக்கமுமாகப் போய், ஒரே நிமிஷத்தில் எல்லாக் குடும்பமும் இரண்டாகிவிட்டது. நீ எப்போதும் வலது என்று சொல்லி இடது கையைத்தான் காட்டுவாயாம், எதிரே நிற்பவர்களுக்கு அதுதான் சரியாகத் தெரியுமாம், மேளக்காரர் பிறகு சொன்னார். இத்தனை வருஷமாக ஊரை ஏமாற்றியிருக்கிறாயே அக்கா! நான் நேர்மையானவன், சொன்ன கையைத்தான் காட்டுவேன்.

பிறகு வட்ட நடனம். கை கோத்துச் சுற்ற ஆரம்பித்ததும் தையல்காரருக்குப் போன் வந்து, மகளை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அந்தச் சுண்டெலி ஒரு கையைக் காற்றில் நீட்டிக்கொண்டு அழத் தயாராக நின்றது. வட்டத்தில் இடைவெளி விழக் கூடாது, பிடித்த கையை விடக் கூடாது என்பது உன் சட்டம். நடுவில் நின்றிருந்த நான் ஓடிப் போய் அந்த இடத்தை நிரப்பினேன். ஒரு கை சுண்டெலியிடம், மறு கை பேக்கரிக்கார அம்மாவிடம். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நடத்துபவர் ஒற்றைக் கையைத் தூக்கினால்தான் மேளம் நிற்கும் என்பதும் உன் சட்டம்தானே? எனக்கு ஏது ஒற்றைக் கை? நான் போட்ட சத்தம் மேளத்துக்குள்ளேயே அமுங்கிப் போனது. சரி என்று பேக்கரி அம்மாவின் கையோடு சேர்த்து என் கையைத் தூக்கினேன். புது அசைவு என்று நினைத்து வட்டம் முழுக்கக் கையைத் தூக்கியது. எல்லோரும் தூக்கினால் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று மேளக்காரரிடம் சொல்லி வைத்தது யார்? நீ. அவரும் கூட்டினார். நான் பதறிப் போய் மறுபடி தூக்கினேன், அவர் மறுபடி கூட்டினார். என் மூக்குக்கண்ணாடி எங்கேயோ பறந்தது.

"கையைக் கொஞ்சம் விடுங்கம்மா, மேளத்தை நிறுத்தணும்" என்று பேக்கரி அம்மாவிடம் கெஞ்சினேன்.

"விட மாட்டேன் சார். என்ன ஆனாலும் விடக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

கடைசியில் தையல்காரர் போன் பேசி முடித்துத் திரும்பி வந்து, தனக்கு இடமில்லாததைப் பார்த்து, "கொஞ்சம் இருங்க" என்று ஒரு கையைத் தூக்கினார். மேளம் நின்றது. எல்லோரும் இருந்த இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து கைதட்டினார்கள். பிள்ளைகள் "இன்னொரு தடவை" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இதற்கு மேல் என்ன வெற்றி வேண்டும்?

ஆகவே நீ அவசரப்படாதே. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை என் பொறுப்பு. காலை நீட்டி நிம்மதியாக ஓய்வெடு, நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

என்றும் உன் பாசமுள்ள,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பொறுப்பாளரிடமிருந்து போன். "அந்த ஒரு மணி நேரத்தை யாருக்கும் கொடுக்கல சார். சிரிச்சுச் சிரிச்சு என் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. நீங்க வாரா வாரம் வந்து இதே மாதிரி தப்புத் தப்பா ஆடணும். ஆனா சொல்லிக் கொடுக்கிறது உங்க அக்காவா இருக்கணும். இல்லேன்னா உடற்பயிற்சி வகுப்புதான்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குப் போனை விட்டெறிந்திருப்பேன். நீ கட்டிலில் அழுத முகம் ஞாபகம் வந்தது, "சரி" என்று சொல்லிவிட்டேன். ஓய்வெடு என்று மேலே எழுதியதை அடித்துவிடு. மாவுக்கட்டு பிரிக்கும் வரை நாற்காலியில் உட்கார்ந்தாவது நடத்து, நானே தூக்கி வந்து உட்கார வைக்கிறேன். ஒரே ஒரு கவலைதான். போனை வைத்ததும் கண்ணாடி முன் நின்று ஆடிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பாக வர மாட்டேன் என்கிறது. தப்பாக ஆடுவது எப்படி என்று நீதான் எனக்குச் சொல்லித் தர வேண்டும்.