முக்கா இன்ச்சும் அஞ்சடிப் பைப்பும்

நாம் தப்பாகச் சொன்னாலும், சொன்ன அளவிலேயே பைப்பை அறுக்கும் பிளம்பர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் முகப்பேர் குடியிருப்புக்கு வந்து வாய்த்தார். பெயர் யாருக்கும் தெரியாது. கையில் எப்போதும் இருக்கும் பைப்பின் அளவே பெயராகி, எல்லோருக்கும் அவர் முக்கா இன்ச்.

வேலை அத்துப்படி. கணக்கை மட்டும் வீட்டுக்காரர்தான் போட வேண்டும். "ஊடு உன்னுது, அளவ நீ சொல்லு சார்" என்பார். மூன்றாம் மாடிச் செயலாளர் அவசரத்தில் ஏதோ சொல்லித் தொலைத்தார். அவர் வீட்டு ஷவர் இடுப்பு உயரத்தில் நிற்கிறது. மனிதர் இன்றும் உட்கார்ந்துதான் குளிக்கிறார்.

அன்று என் மகள் ஜெனிக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். ஒன்பது மணிக்கு மாதா கோயிலில் இருக்க வேண்டும். ஏழு மணிக்கு மொட்டை மாடிப் பைப் வெடித்தது. நாலு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை, யாரும் குளிக்கவில்லை. முக்கா இன்ச் இரண்டு பைப்போடு வந்தார்.

"பைப்பு அஞ்சடி. வால்வுக்கு முக்கா அடி போவும். மீதி இன்னா சார்?"

நான் பொறியியல் படித்தவன். "அஞ்சுல ஒண்ணு போனா நாலு. நாலுல முக்கா போனா மூணேகால்!" என்றேன் கெத்தாக.

அறுத்தேவிட்டார். மாட்டினால் ஒரு அடி இடைவெளி! ஒரே கணக்கில் இரண்டு தடவை கழித்திருக்கிறேன். பக்கெட்டோடு நின்ற நாலு வீட்டாரும் என்னையே பார்த்தார்கள். கடை திறக்கப் பத்து மணியாகும்.

"இன்னும் ஒண்ணுதான் கீது" என்றவர், எட்டிப் பார்த்த ஜெனியிடம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு."

நான் குறுக்கே பாய்ந்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளை. பின்னக் கணக்கில் முட்டை வாங்கியதிலிருந்து, கணக்கு என்றாலே பாத்ரூமுக்குள் ஓடி ஒளிகிறவள்.

"வேணாம் அண்ணாத்தே!"

"நீ சொன்னதுக்கு நான் அறுக்கல? கம்முனு இரு சார்."

ஜெனி முணுமுணுத்தாள். "அஞ்சேமுக்கா." முட்டை வாங்கித் தந்த அதே பதில். அஞ்சுக்குப் பக்கத்தில் கழிக்கப் பின்னம் எதுவும் இல்லாததால், முக்காலை அப்படியே இறக்கிவிடுவாள்.

"அஞ்சடி பைப்பு அறுத்தா நீளுமா பாப்பா? இது இன்னா சூயிங்கமா?" முக்கா இன்ச் சிரிக்கவில்லை. ரம்பத்தோடு காத்திருந்தார்.

அவள் பைப்பருகே குந்தினாள். நாலு அடியைத் தொடவே இல்லை. கடைசி ஒரு அடியை மட்டும் பென்சிலால் நாலாகப் பிரித்து, மூன்றை அடித்தாள். மிச்சம் ஒன்று.

"நாலேகால்" என்றாள், பென்சிலை விடாமல்.

சரசரவென்று அறுத்து மாட்டினார். கச்சிதம்! திறந்து கிடந்த பக்கத்துக் குழாயில் தண்ணீர் பீய்ச்சியடித்து என் சட்டையெல்லாம் ஈரம். ஜெனி ஓடி ஒளியவில்லை. "இன்னொரு கணக்கு கேளுங்க அங்கிள்" என்று குதித்தாள்.

வழியனுப்பக் கீழே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அவர் வண்டியில், சாக்குக்குள், முழுசாக இன்னொரு அஞ்சடிப் பைப்!

"ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னீங்களே! நாலு வீட்டுல உயிர் போச்சு!"

"கொயந்த தப்பா சொன்னாலும் அறுக்கணும்ல சார். அதுக்குத்தான் வெச்சிருந்தேன்."

ஈரச் சட்டையோடு அந்த மனிதரைக் கட்டிக்கொண்டேன்.